பால் எடுக்க வேண்டாமென்று சொல்ல நீங்கள் யார்?

கேள்வி: 27 வாரத்தில் பிறந்த என் மகனுக்கு எடை 900 கிராம். நிமோனியா வந்து வென்டிலேட்டரில் இருக்கிறான். நேற்று நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்துவிட்டதென்று நெஞ்சில் குழாய் போட்டார்கள். மனைவி தாங்கமாட்டாள் என்று சொல்லவில்லை. குழந்தைதான் இப்போது குடிப்பதில்லையே, பால் எடுத்துச் சிரமப்படாதே என்றும் சொல்லிவிட்டேன். பிழைப்பானா?

பதில்: தம்பி, பிழைப்பானா என்பதை அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். போகிறபோக்கில் எழுதிய அந்தப் பால் விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். எந்த உரிமையில் அதை நிறுத்தச் சொன்னீர்கள்? கொஞ்சம் தேறியதும் அவனுக்கு வயிற்றுக் குழாய் வழியே ஒரு மில்லி, இரண்டு மில்லியாகப் பால் கொடுக்கத் தொடங்குவார்கள். குறைமாதக் குழந்தையின் குடலை அழுகவிடாமல் காப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடில்லை. எடுக்காமல் விட்டால் வற்றிவிடும், அப்புறம் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. ராத்திரி உட்பட ஒரு நாளைக்கு எட்டு முறையாவது எடுக்க வேண்டும். அவள் எடுக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள், பாத்திரத்தைக் கழுவிக் கொடுங்கள், அது உங்கள் வேலை.

நெஞ்சில் குழாய் போட்ட விஷயத்தை அவளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். பெற்றவளிடம் மறைக்க வீட்டில் யாருக்கும் அதிகாரமில்லை, உங்கள் அம்மாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எப்படிச் சொல்வதென்றால், நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் விரிய சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் வேண்டும், அது போதுமான அளவு சுரக்கக் கர்ப்பத்தில் 34, 35 வாரம் ஆகும், இவனிடம் இருந்த கொஞ்சத்தையும் நிமோனியா கெடுக்கிறது, அப்படி விறைத்த நுரையீரலுக்குள் அழுத்தத்தோடு காற்று போகும்போது எங்கோ கிழிந்து கசிகிறது, அதை வெளியேற்றத்தான் குழாய் என்று சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் கிருமியைப் பார்த்துக்கொள்ளும். வென்டிலேட்டரும் ஆக்சிஜனும்கூட நுரையீரலைப் புண்ணாக்கும் என்பதால் டாக்டர்கள் முடிந்தவரை குறைத்துக்கொண்டே வருவார்கள். மானிட்டரில் ஆக்சிஜன் 100 இல்லையே என்று நர்ஸிடம் சண்டைக்குப் போகாதீர்கள், 90க்கும் 95க்கும் நடுவில் வைப்பது அதிக ஆக்சிஜன் விழித்திரையைக் கெடுக்கும் என்பதால்தான். கர்ப்பக் கணக்கில் 36 வாரம் ஆனபிறகும் ஆக்சிஜன் தேவைப்பட்டால் பிபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் நோய் என்பார்கள். அதையும் அவளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

அழுவாள், அழட்டும், கூட இருங்கள். நாளைக்கு டாக்டரைப் பார்க்கும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள எப்போது விடுவீர்கள் என்று அவளே கேட்கட்டும்.