போன வருடம் காதில் விழாமல் போன பாப், டான்ஸ் பாடல்கள்: கேள்வி பதில்

கடந்த ஆண்டின் பாப், டான்ஸ் பாடல்களில் பலர் கவனிக்காமல் விட்டவற்றைத் தேடுவது, சரிபார்ப்பது, பட்டியலாக்குவது, மிக்ஸ் செய்வது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: ஒரு பாட்டை "அதிகம் தெரியாதது" என்று எந்தக் கணக்கில் சொல்வது? ஒரு லட்சம் ப்ளேக்குக் கீழே இருந்தால் போதுமா?

எண்ணை மட்டும் வைத்து எல்லை போட்டால் டான்ஸ் இசையில் கணக்கு தப்பிவிடும். ஸ்ட்ரீமிங்கில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் ஒரு ப்ளேயாகக் கணக்கில் ஏறும். பாப் பாட்டில் அதற்குள் குரல் வந்து, பல்லவியும் எட்டிப் பார்த்திருக்கும். ஆனால் ஒரு ஹவுஸ் ட்ராக்கில் முதல் 30 விநாடி வெறும் டிரம் அடிகளான கிக்கும் ஹை-ஹாட்டும்தான். டிஜே முந்தைய பாட்டோடு சேர்ப்பதற்காகவே அப்படி அமைக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்பவர் அங்கேயே தாவிவிடுகிறார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கிளப்பில் டிஜே வாசிப்பது பெரும்பாலும் விலை கொடுத்து இறக்கிய ஃபைல். நூறு மேடைகளில் ஒலித்தாலும் அது ஸ்ட்ரீமிங் எண்ணிக்கையில் சேராது. ஆகவே 40,000 ப்ளே உள்ள பாப் பாட்டும் 40,000 ப்ளே உள்ள டெக்னோ ட்ராக்கும் ஒரே அளவுக்கு மறைந்து கிடப்பவை அல்ல.

நான் பார்ப்பது வேறு அளவுகோல்: அந்தக் கலைஞரின் மற்ற பாடல்களோடு ஒப்பிட்டால் இது எங்கே நிற்கிறது? பெரிய பாடகரின் ஆல்பத்தில் ஒன்பதாவது பாட்டு, முதல் சிங்கிளின் நூற்றில் ஒரு பங்குகூடக் கேட்கப்படாமல் கிடந்தால் அதுவும் இந்தப் பட்டியலுக்கு உரியதே.

கேள்வி: சரி, எங்கே போய்த் தேடுவது? எந்தத் தளம் நல்லது?

தளத்தைவிட வழிதான் முக்கியம். பிடித்த ஒரு பாட்டை எடுங்கள். அதன் கிரெடிட்ஸ் பக்கத்தைத் திறந்து பாடகர் பெயரைத் தாண்டிப் படியுங்கள். தயாரித்தவர், கூட எழுதியவர், மிக்ஸிங் செய்தவர், லேபிள் என்று நான்கு பெயராவது கிடைக்கும். தயாரிப்பாளர் அதே ஆண்டில் வேறு யாருக்கெல்லாம் வேலை செய்தார் என்று பாருங்கள். ஒரு சின்த் ஒலியோ டிரம் அடியோ உங்களைப் பிடித்து இழுத்தது என்றால், அது அநேகமாக அவருடைய கைவண்ணம். பாடகரைப் பின்தொடர்ந்தால் அதே குரல் மட்டும்தான் கிடைக்கும்.

அடுத்து லேபிள். சிறிய டான்ஸ் லேபிள்கள் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வரிசை எண் கொடுக்கும். இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் லேபிள் பக்கத்தைத் திறந்தால் அந்த ஆண்டின் எல்லா எண்களும் வரிசையாக இருக்கும். உங்களைக் கொண்டுவந்த பாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டிரண்டு எண்களைக் கேளுங்கள். கலைஞர்கள் நேரடியாக இசையை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பத்துக்குக் கீழே, வாங்கியவர்களின் சின்னப் படங்கள் இருக்கும். அதில் ஒருவரைத் தட்டினால் அவருடைய முழுத் தொகுப்பும் திறக்கும். உங்களிடம் உள்ள மூன்று, நான்கு ஆல்பம் அவரிடமும் இருந்தால் அவருடைய மீதித் தொகுப்பு உங்களுக்குப் புதையல்தான்.

ஒரு முக்கியமான இடத்தை யாரும் பார்ப்பதில்லை: டிசம்பர் மாதம். ஆண்டுப் பட்டியல்கள் நவம்பர் கடைசியிலிருந்தே வரத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு வெளியானவை அந்த ஆண்டுப் பட்டியலிலும் வராது, அடுத்த ஆண்டிலும் யாருக்கும் நினைவிருக்காது. 2015 ஜூலையிலிருந்து உலகெங்கும் வெள்ளிக்கிழமையே வெளியீட்டு நாள் என்பதால், டிசம்பரின் நான்கைந்து வெள்ளிக்கிழமைகளை மட்டும் தனியாக அலசினாலே நல்ல வேட்டை.

கேள்வி: அண்ணா, எனக்கு ஆப் எப்பவும் ஒரே மாதிரிப் பாட்டையே போட்டுக் காட்டுது. எப்படி மாத்துறது?

தம்பி, தேடும் வேலையையும் வழக்கமாகக் கேட்பதையும் பிரித்து வை. தூங்குவதற்கும் படிப்பதற்கும் போடும் பாட்டுகளை பிரைவேட் செஷனில் (கேட்பதை ஆப் பரிந்துரைக்குக் கணக்கில் எடுக்காத நிலை) கேள். புதிதாகத் தேடும்போது மட்டும் அதை அணைத்துவிடு. பிடித்ததை லைக் செய்வதோடு நிறுத்தாமல் பிளேலிஸ்டிலும் சேர். அப்புறம், ஆப் தருவதை மட்டும் நம்பாதே. டிஜே மிக்ஸ்களின் ட்ராக் பட்டியல்களைப் படி. ஒரு மணி நேர மிக்ஸில் பதினைந்து, இருபது பாட்டு இருக்கும். ஒரு நல்ல காது ஏற்கெனவே சலித்துக் கொடுத்தவை அவை.

கேள்வி: வழக்கமான ஹவுஸ், ஈடிஎம் அலுத்துவிட்டது. எந்த ஊர் டான்ஸ் இசையைக் கேட்கலாம்? கேட்டாலும் சில சமயம் பிடிபடவே மாட்டேன் என்கிறதே?

பிடிபடாததற்குப் பாதிக் காரணம் கேட்கும் விதம். தென்னாப்பிரிக்காவின் அமாபியானோவை எடுத்துக்கொள்ளுங்கள். 110 முதல் 115 பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகக் கணக்கு) வரை நிதானமாக நடக்கும், ஆறேழு நிமிடம் ஓடும். அதன் உயிர் லாக் டிரம் எனப்படும் அடிநாதம். பல ட்ராக்குகளில் அது உள்ளே வரவே ஒன்றரை, இரண்டு நிமிடம் ஆகும். முதல் நிமிடத்தில் ஷேக்கர், மெல்லிய பியானோ, அவ்வளவுதான். சரி, பொறுமையாக இருந்தும் ஒன்றும் கேட்கவில்லை என்றால், போன் ஸ்பீக்கரில் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதுவுமே வராது. லாக் டிரம்மின் கனமோ அங்கேதான் இருக்கிறது. ஒரு சாதாரண இயர்போனை மாட்டிக் கேட்டாலே அதே பாட்டு வேறாகத் தெரியும்.

அதே நாட்டின் டர்பன் நகரில் பிறந்த கோம் என்ற இசை இதற்கு நேர் எதிர். பாருக்கு (நான்கு அடி கொண்ட ஒரு சுற்று) நாலு கிக் என்ற ஒழுங்கு அதில் கிடையாது. உடைந்த அடிகள், இருண்ட வெளி, மெலடி மிகக் குறைவு. கைத்தட்டி எண்ண முயன்றால் தடுமாறுவீர்கள். திரும்பத் திரும்ப வரும் குரல் துண்டைப் பிடித்துக்கொண்டால் தாளம் தானாகப் புரியும். தான்சானியாவின் டார் எஸ் சலாம் நகரத்து சிங்கெலி 200 பிபிஎம்மைத் தாண்டி ஓடும். அதை முழு வேகத்தில் எண்ணாமல் பாதி வேகத்தில் தலையாட்டிக் கேளுங்கள். உகாண்டாவின் கம்பாலாவில் உள்ள நியேகே நியேகே டேப்ஸ் லேபிள் இதை வெளியுலகுக்குக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு வகித்தது, அங்கிருந்து தொடங்கலாம். லிஸ்பன் புறநகரின் ஆப்பிரிக்க வம்சாவளி இளைஞர்கள் செய்யும் பட்டிடாவுக்கு பிரின்சிபே லேபிள்.

ரியோவின் பைலே ஃபங்க் பெரும்பாலும் 130, சில நேரம் 150. அமெரிக்காவின் நியூவார்க்கில் தோன்றிய ஜெர்சி கிளப் 130 முதல் 140 வரை. அதன் அடையாளம் பாரின் பிற்பாதியில் தத்தித் தத்தி விழும் கிக். கடந்த சில ஆண்டுகளில் பாப் பாடல்களுக்குள்ளும் அந்தக் கிக் நுழைந்துவிட்டதால், மூலத்தைத் தேடிப் போனால் தெரிந்த பாட்டின் தாய்வீட்டுக்கே போய்ச் சேரலாம்.

கேள்வி: ஒரே பாட்டுக்கு ஒரிஜினல் மிக்ஸ், எக்ஸ்டெண்டட், ரேடியோ எடிட், டப் என்று நாலைந்து இருக்கின்றன. பட்டியலில் எதைப் போடுவது?

கேட்பவருக்கான பட்டியல் என்றால் வானொலிக்காகச் சுருக்கிய ரேடியோ எடிட் அல்லது ஆல்பம் வடிவம். மிக்ஸ் செய்பவருக்கு எக்ஸ்டெண்டட். இதில் முன்னும் பின்னும் 16 அல்லது 32 பார் வெறும் தாளம் இருக்கும். ஒரிஜினல் மிக்ஸ் என்பது ரீமிக்ஸ் அல்ல என்று சொல்வதற்கான பெயர், நீளத்தைச் சொல்வதல்ல. டப் வடிவில் குரல் பெரும்பகுதி எடுக்கப்பட்டிருக்கும். பாட்டு சுமார் என்று ஒதுக்கியவர்கள் டப்பையும் ஒருமுறை கேளுங்கள். வரிகள் பலவீனமாக இருந்து இசை அருமையாக அமைந்த ட்ராக்குகள் அங்கேதான் பிழைக்கின்றன. வேகத்தைக் கூட்டிய ஸ்பீட் அப், குறைத்த ஸ்லோட் வடிவங்களைத் தவிருங்கள். பல நேரம் அவை வேறு யாரோ ஏற்றியவை, உரியவருக்குப் பணம் போய்ச் சேராது.

கேள்வி: பாட்டு நிஜமாகவே போன வருடத்ததுதானா என்று எப்படி உறுதி செய்வது? ஆப்பில் ஒரு தேதி, வேறு இடத்தில் ஒரு தேதி.

ஆப் காட்டுவது அந்தப் பதிப்பு ஏற்றப்பட்ட தேதியாக இருக்கலாம். ரீமாஸ்டர், லேபிள் மாற்றம், தொகுப்பு ஆல்பம் எல்லாம் தேதியைப் புதுப்பித்துவிடும். ஆல்பத்தின் அடியில், வட்டத்துக்குள் பி எழுத்தோடு வரும் வரியைப் பாருங்கள். அது ஒலிப்பதிவு முதலில் வெளியான ஆண்டு. பிறகு ஐஎஸ்ஆர்சி எண், அதாவது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் தனிக் குறியீடு. மொத்தம் 12 எழுத்து. ஆறாவதும் ஏழாவதும் அந்தக் குறியீடு ஒதுக்கப்பட்ட ஆண்டு. அங்கே 14 என்று இருந்தால் பாட்டு போன வருடத்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் மறுபக்கம் பொருந்தாது: பழைய பாட்டுக்குப் புது எண் வாங்கி ஏற்றுவதும் நடக்கிறது. அதனால் புது எண் இருந்தால் மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இசைத் தகவல் தளத்திலோ டிஸ்காக்ஸிலோ ஒருமுறை சரிபாருங்கள்.

சிங்கிள் முந்தைய ஆண்டு, ஆல்பம் இந்த ஆண்டு என்றால்? முதலில் எப்போது வந்ததோ அதையே கணக்கில் எடுப்பது நேர்மை.

கேள்வி: தேர்ந்தெடுத்தவற்றை ஒரு மணி நேர மிக்ஸாகச் செய்ய ஆசை. பிபிஎம் சரியாக இருந்தும் சேரும் இடத்தில் காதைக் கடிக்கிறது. ஏன்?

ஸ்ருதி சேரவில்லை. ஸ்ருதிகளை எண்ணும் எழுத்துமாகக் குறிக்கும் கேமலாட் சக்கரத்தில் ஏ மைனர் 8ஏ, சி மேஜர் 8பி. ஒரே எண், அல்லது பக்கத்து எண் (7ஏ, 9ஏ), அல்லது அதே எண்ணின் மறு எழுத்து என்றால் இழையும். இதெல்லாம் பார்த்தும் கடிக்கிறது என்றால் கீ லாக் (வேகம் மாறினாலும் ஸ்ருதியை நிலைநிறுத்தும் வசதி) அணைந்திருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் வேகத்தைக் கூட்டினால் ஸ்ருதியும் ஏறும். ஏறக்குறைய 6 சதவீதத்துக்கு ஒரு அரைசுரம். 120 பிபிஎம், 8ஏ பாட்டை 127-க்கு இழுத்தால் அது இப்போது 3ஏ. பாதியில் நிற்பது இதைவிட மோசம்: 3 சதவீதம் ஏற்றினால் கால்சுரம் விலகும், எந்தப் பாட்டோடும் சேராது.

கீ லாக் போட்டுவிட்டால் ஸ்ருதி நிலைக்கும். ஆனால் 6 சதவீதத்துக்கு மேல் போனால் குரல் நடுங்கும், கிக்கின் கூர்மை மழுங்கும். அதனால் 112-இல் இருக்கும் அமாபியானோவிலிருந்து 126 ஹவுஸுக்கு ஒரே தாவலாகப் போகாதீர்கள். நடுவே 117, 121 என்று இரண்டு பாட்டு வையுங்கள். இல்லையென்றால் டிரம் நின்று குரல் மட்டும் ஒலிக்கும் இடத்தில் வெட்டிவிட்டுப் புதிய வேகத்தில் தொடங்குங்கள்.

சேர்க்கும் நீளமும் முக்கியம். 128 பிபிஎம்மில் ஒரு பார் 1.875 விநாடி. 16 பார் சரியாக 30 விநாடி, 32 பார் ஒரு நிமிடம். புதிய பாட்டை எட்டு பார் தொகுதியின் முதல் அடியில் இறக்குங்கள். நான்கு பார் தள்ளி இறக்கினால் பீட் ஒத்துப்போகும், ஆனால் டிராப் (பாட்டு உச்சமாக வெடிக்கும் இடம்) தவறான இடத்தில் வந்து விழும். இரண்டு பாட்டின் பேஸையும் ஒரே நேரத்தில் திறந்துவைக்கக் கூடாது. ஒன்றைக் குறைத்த அதே பாரில் மற்றதைத் திறங்கள்.

மென்பொருள் காட்டும் பிபிஎம்மையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். 174-ஐ 87 என்று காட்டுவது டிரம் அண்ட் பேஸில் சகஜம்.

கேள்வி: 320 கேபிபிஎஸ் தரம் என்று சொல்லி வாங்கிய எம்பி3 ஃபைல் பெரிய ஸ்பீக்கரில் தகரமாக ஒலிக்கிறது.

ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். 320 எம்பி3-இல் அலைவரிசைப் படம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால், 128 ஃபைலைத் திரும்ப 320 ஆக மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அளவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. போலியும் நிமிடத்துக்கு 2.4 எம்பி என்றே காட்டும். விற்றவரிடம் தரம் குறையாத வேவ் அல்லது ஃபிளாக் வடிவத்தைக் கேளுங்கள்.

கேள்வி: பெயர் தெரியாத கலைஞர்களைத் தேடும்போது ஏஐ செய்த பாட்டுகளில் மாட்டிக்கொள்கிறேன். எப்படி அடையாளம் காண்பது?

ஒற்றை அடையாளம் எதுவும் கிடையாது, சேர்த்துப் பார்க்க வேண்டும். சில மாதங்களில் ஐந்தாறு ஆல்பம், கிரெடிட்ஸில் ஒரே பெயர் அல்லது ஒன்றுமே இல்லை, மேடையில் வாசித்த தடயம் இல்லை, குரலில் நீளும் ச, ஷ ஒலிகளில் மணல் அரைப்பதுபோல் ஒரு கரகரப்பு. இவற்றில் மூன்று சேர்ந்தால் நான் ஒதுக்கிவிடுவேன். டீசர் என்ற ஸ்ட்ரீமிங் தளம் 2025 முதல் இப்படிப்பட்ட ஆல்பங்களுக்கு முத்திரை இடுகிறது. சந்தேகம் வந்தால் அங்கே தேடிப் பாருங்கள். வீட்டில் தனியாக இசையமைப்பவருக்கும் கிரெடிட்ஸில் ஒரே பெயர்தான் இருக்கும் என்பதால், அதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சாட்டாதீர்கள்.

கேள்வி: பட்டியலில் எத்தனை பாட்டு? எந்த வரிசை?

இருபது. ஒரு கலைஞருக்கு ஒன்றுதான். தரவரிசை வேண்டாம், முதல் மூன்று இடத்தில் சட்டென்று பிடித்துக்கொள்ளும் பாப் பாட்டுகளை வையுங்கள், நீளமான டான்ஸ் ட்ராக்குகள் நடுவுக்குப் பிறகு வரட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். "அருமையான பாட்டு" என்பதால் யாருக்கும் பயனில்லை. "2:10-இல் பேஸ் நின்று குரல் இரண்டாகப் பிரிகிறது" என்று எழுதினால் கேட்பவர் அந்த இடம் வரை காத்திருப்பார்.

கேள்வி: போன முறை போட்ட பட்டியலில் சில பாட்டுகள் இப்போது சாம்பல் நிறமாகிக் கிடக்கின்றன. மீட்க முடியுமா?

விநியோக ஒப்பந்தம் முடிந்தால் பாட்டு இறங்கிவிடும், வேறு நிறுவனம் வழியாகத் திரும்ப ஏறும்போது இணைப்பு மாறிவிடும். பெயர் பொதுவானதாக இருந்தால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஆகவே இணைப்பை மட்டும் சேமிக்காமல் பாட்டின் பெயர், கலைஞர், எந்த வடிவம், லேபிள், ஐஎஸ்ஆர்சி எண் ஐந்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். மறு ஏற்றத்திலும் ஐஎஸ்ஆர்சி பெரும்பாலும் மாறாது. அந்த எண்ணை ஸ்பாட்டிஃபையின் தேடலில் ஐஎஸ்ஆர்சி என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின் முக்காற்புள்ளி வைத்துக் கொடுத்தால் பாட்டு நேராக வந்து நிற்கும். எங்குமே இல்லை என்றால் கலைஞரின் பேண்ட்கேம்ப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே இருந்தால் அன்றே வாங்கி ஃபைலாக இறக்கிவிடுங்கள்.