குறைமாதக் குழந்தையின் குடல் நோயை இரத்தப் பரிசோதனையால் கண்காணிக்க முடியுமா?

28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு நெக்ரோடைசிங் என்டரோகோலைடிஸ் என்னும் குடல் திசு அழுகும் நோய் இருக்கலாம் என்ற ஐயத்தில் ஏன் திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்நோயைத் தனியாக உறுதி செய்யும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. வயிற்று வீக்கம், மலத்தில் இரத்தம், எக்ஸ்ரேயில் குடல் சுவருக்குள் தெரியும் வாயுக் குமிழ்கள் போன்றவற்றை வைத்துத்தான், 1978-இல் பெல் என்ற அறுவை மருத்துவர் வகுத்த நோய்த் தீவிர நிலைகளின்படி, மருத்துவர்கள் முடிவுக்கு வருகிறார்கள்.

இரத்தம் காட்டுவது பெரும்பாலும் நோயின் போக்கை. கல்லீரலில் உருவாகும் சி.ஆர்.பி. என்ற புரதம் அழற்சி தொடங்கிப் பல மணி நேரம் கழித்தே உயர்வதால், முதல் மாதிரி இயல்பாக இருப்பதை மட்டும் நம்பி நிம்மதி அடைய முடியாது. சிகிச்சைக்குப் பின்னும் அது இறங்காமல் நின்றால், சீழ்க்கட்டியோ குடல் சுருக்கமோ உருவாகிறதா என்று தேடுவார்கள். இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் வேகமாகச் சரிவதும், திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது சேரும் லாக்டேட் ஏறுவதும் நிலைமை மோசமாவதன் அறிகுறிகள்.

ஆய்வாளர்களை ஈர்ப்பது ஐ-ஃபாப் என்ற சிறிய புரதம். குடலின் உட்புறச் செல்கள் சிதையும்போது இது இரத்தத்தில் கசிந்து, சிறுநீரகம் வழியே விரைவாக வெளியேறுவதால், சிறுநீரிலும் அளக்கலாம். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்தமே 80 முதல் 100 மில்லி இரத்தம்தான் இருக்கும் என்பதால், இரத்தம் எடுக்காமலே அளக்க முடிவது சிறிய நன்மை அல்ல.