'நாளையிலிருந்து நடக்கிறேன்' என்கிற அப்பாவை எப்படிக் கிளப்புவது?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை நோய். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். ஷூ வாங்கிக் கொடுத்தாயிற்று, கால் போய்விடும் கண் போய்விடும் என்று பயமுறுத்தியும் பார்த்தாயிற்று. "நாளையிலிருந்து" என்பதுதான் பதில். காசு கொடுத்தால் நடப்பாரோ என்று தம்பி கிண்டலடிக்கிறான். - வாசகி, ஈரோடு

பதில்: தம்பியின் கிண்டலை உங்கள் பக்கத்திலேயே, கோயம்புத்தூரில், ஆய்வாளர்கள் நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வரக்கூடிய நிலையில் இருந்தவர்களுக்கும் அடிகளை எண்ணும் கருவி கொடுத்தார்கள். 10,000 அடி நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய், மொபைல் ரீசார்ஜாக. பணம் தரப்படாத குழுவைவிட இவர்கள் சுமார் 20 சதவீதம் அதிகம் நடந்தார்கள். விறுவிறு நடையில் கணக்கிட்டால் நாளுக்கு 13 நிமிடம் கூடுதல்.

20 ரூபாய் பெரிய தொகையா? இல்லை. ஆனால் அது இந்த வாரமே கைக்கு வருகிறது. நடக்கிற சிரமம் இன்றைக்கு, கால் தப்பிப்பதோ பல வருடம் கழித்து. மனசு எப்போதும் இன்றைக்குத்தான் அதிக எடை போடும். உங்கள் அப்பாவும் பொய் சொல்லவில்லை. நாளைக்கு நடப்பது இன்று அவருக்கு உண்மையிலேயே சுலபமாகத் தெரிகிறது.

இதை நமக்குச் சாதகமாக்கலாம். அதே ஆய்வில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது: வாரத்தில் குறைந்தது நான்கு நாள், சிலருக்கு ஐந்து நாள், இலக்கைத் தொட்டால்தான் பணம். மூன்று நாளோடு நின்றால் அந்த வாரம் பூஜ்யம். சலித்துப்போய் விட்டுவிடுவார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் நடை குறையவில்லை, செலவுதான் குறைந்தது. தள்ளிப்போடுகிற ஆட்களிடம் இது இன்னும் நன்றாகவே பலித்தது. மிச்ச நாளும் நடந்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் இன்றைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்!

சரி, வீட்டில் எப்படி? பணத்தை அப்பா கையில் நீட்டாதீர்கள். பிள்ளைகளிடம் கூலி வாங்கப் பல அப்பாக்களுக்கு ரோஷம் இடம் கொடுக்காது. பேரன் பேத்தி இருந்தால் அவர்கள் உண்டியலில் போடுங்கள், இல்லையென்றால் அவருடைய ரீசார்ஜ். இப்போது எத்தனை அடி நடக்கிறார் என்று ஒரு வாரம் போனில் பாருங்கள். அதோடு 1,500 சேர்த்தால் போதும், எடுத்த எடுப்பில் 10,000 வேண்டாம். வாரத்துக்கு ஐந்து நாள் என்று பேசிக்கொள்ளுங்கள். நான்கு நாள் நடந்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டாலும் இளகாதீர்கள்.

எத்தனை மணிக்கு, எந்த வழியாக என்பதை அவரே காலண்டரில் எழுதட்டும். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ஊழியர்களிடம் ஃப்ளூ தடுப்பூசிக்கு நாளும் நேரமும் குறித்துக்கொள்ளச் சொன்னபோது, போட்டுக்கொண்டவர்கள் 33 சதவீதத்திலிருந்து 37 ஆனார்கள். சின்ன வித்தியாசம்தான், ஆனால் செலவே இல்லை. அப்புறம் அந்த ஷூ: இன்னும் பெட்டியில் இருந்தால் வாசலுக்கு வரட்டும்.

இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுக்கிறார் என்றால், நடக்கும் நேரத்தை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை ரொம்பக் குறைந்துவிட்டால் வாயில் போட, சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். திரும்பி வந்ததும் பாதத்தில் கொப்புளம், சிராய்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை.