களுவாஞ்சிகுடியில் இருக்கும்போதே ஸ்பானிஷ் தொடங்குங்கள், ஆனால் டிவியை மட்டும் நம்பாதீர்கள்

தங்கச்சி, நீங்கள் ஒரே மூச்சில் ஐந்தாறு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கணவர் ஸ்பெயினின் மட்ரிட்டில், நீங்கள் மட்டக்களப்பு களுவாஞ்சிகுடியில், மகளுக்கு 4 வயது, மகனுக்கு 9. வீசா கைக்கு வர இன்னும் ஏழெட்டு மாதம் ஆகலாம். வாடகை எவ்வளவு, குளிருக்கு என்ன வாங்குவது, அரிசி கிடைக்குமா, வீட்டில் ஸ்பானிஷ் டிவி போட்டுவிட்டால் பிள்ளைகள் மொழி பிடிப்பார்களா? வாடகை உங்கள் கணவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குளிர் உடுப்பு ஒன்றையும் அங்கே வாங்காதீர்கள். அரிசி கிடைக்கும். கடைசிக் கேள்விக்கு மட்டும் நீட்டி எழுதுகிறேன். மொழி இல்லாமல் வந்து இறங்குவது என்னவென்று தெரிந்தவர்களில் நானும் ஒருத்தி. அதைவிட, இங்கே மட்ரிட்டுக்கு வருகிற எங்கட குடும்பங்கள் நிறைய இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

போட்டுவிட்டால் மட்டும் பிடிக்க மாட்டார்கள். 2003-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரிசியா கூலும் குழுவினரும் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்கக் கொடுத்தார்கள், 12 அமர்வு. சீனம் பேசுகிற ஆள் நேரில் இருந்து விளையாடிய குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியப் பழகின. அதே பேச்சைத் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகள் ஒன்றும் பழகவில்லை. 4 வயதும் 9 வயதும் கைக்குழந்தை இல்லைதான், இந்த வயதில் திரையிலிருந்து சொல் பிடிக்கும். ஆனாலும் கேட்டதை யாரோடாவது சேர்ந்து வாயில் போட்டு விளையாடினால்தான் அது தங்கும்.

எங்கட வயதுக்காரருக்கு இது புதிதில்லை. 1982-இல் இலங்கை அரச டிவியான ரூபவாஹினி தொடங்கிய பிறகு டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்துக்கு மாற்றிக்கொடுத்த கார்ட்டூன்களில் இருந்துதான் மட்டக்களப்புப் பக்கத்தில் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் சிங்களத்தின் முதல் சொற்களைப் பிடித்தார்கள். டிவி இருக்கிற ஒரு வீட்டில் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் கூடிப் பார்த்து, அடுத்த நாள் முற்றத்தில் அதே வசனத்தை அதே இழுவையோடு சொல்லி விளையாடுவார்கள். மொழி நாக்கில் ஏறியது அந்த முற்றத்தில். அந்த முற்றத்தை உங்கட வீட்டுக்குள்ளே செய்து கொடுப்பதுதான் உங்கட வேலை.

சின்னவளுக்கு பொகோயோ என்ற ஸ்பானிய கார்ட்டூனில் தொடங்குங்கள். 2005-இல் வந்தது, ஒரு கதை ஏறக்குறைய 7 நிமிடம், யூடியூபில் அவர்களுடைய சொந்த ஸ்பானிஷ் அலைவரிசையிலேயே இருக்கிறது. அதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னணி வெறும் வெள்ளை. கதைசொல்லி எந்தப் பொருளைச் சொல்கிறாரோ அது மட்டும்தான் திரையில் இருக்கும், அதனால் சொல்லும் பொருளும் தானாக ஒட்டிக்கொள்ளும். வசனம் சின்னது, நிறுத்தி நிறுத்திப் பேசுவார், பார்க்கிற பிள்ளையிடம் கேள்வியும் கேட்பார். ஒரு கதையை எடுத்து மூன்று நாள் ஓட்டுங்கள். முதல் நாள் பேசாமல் பார்க்கட்டும். இரண்டாம் நாள் கதைசொல்லி கேள்வி கேட்கிற இடத்தில் நிறுத்துங்கள். மகள் கையால் காட்டினாலும் போதும், தமிழில் பதில் சொன்னாலும் போதும். மூன்றாம் நாள் போனைக் கவிழ்த்து வைத்து சத்தத்தை மட்டும் விடுங்கள், கதையில் வருகிற வாத்தையும் யானையையும் நாயையும் பொம்மையாக வைத்துக்கொண்டு அவள் கதையை நடத்தட்டும். மூன்று நாளில் அலுத்துப்போவது உங்களுக்குத்தான், அந்த வயதுப் பிள்ளை ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும். ஒரு நாளைக்கு ஒரு புதுக் கதை என்று ஓடவிட்டால் படம் நினைவிருக்கும், சொல் நிற்காது.

நேரக் கணக்கும் பாருங்கள். 2 முதல் 4 வயது வரை திரை நேரம் நாளுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு மணித்தியாலத்துக்குள்தான் தமிழ்க் கார்ட்டூனும் வரும், ஸ்பானிஷும் வரும். ஸ்பானிஷுக்கு 20 நிமிடம் தாராளம். ஸ்பானிஷ் பழகட்டும் என்று சொல்லிப் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகிற பழக்கம் இங்கேயும் இருக்கிறது, அங்கேயும் இருக்கிறது. அரை மணித்தியாலத்தில் அந்தப் போன் தானாக வேறெங்கோ போய், பேச்சே இல்லாத பொம்மை வீடியோவில் நிற்கும்.

அதற்குத் தடுப்பு இருக்கிறது. யூடியூபுக்குப் பிள்ளைகளுக்கென்று புதுக் கணக்கு ஒன்று திறந்து, மொழியை ஸ்பானிஷ் ஆக்கி, நாட்டை ஸ்பெயின் ஆக்கி, அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்திவிடுங்கள். அந்தக் கணக்கில் தமிழ்ப் பாட்டு ஒன்றுகூடத் தேடாதீர்கள். நாலு நாள் ஸ்பானிஷ் மட்டும் பார்த்தால் அது ஸ்பானிஷையே முன்னால் கொண்டுவந்து போடும், ஒரு நாள் கலந்தால் கலைந்துபோகும். இன்னொரு தொல்லையும் புதிதாக வந்திருக்கிறது. இங்கிலிஷ் வீடியோக்களுக்கு இயந்திரக் குரலில் தானாகப் போட்ட ஸ்பானிஷ் ஒலி. வீடியோவின் விவரத்தில் தானியங்கி டப்பிங் என்று குறிப்பு இருக்கும், அதைக் கண்டால் விட்டுவிடுங்கள். ஏற்ற இறக்கம் சரியாக இல்லாத குரலில் பிள்ளை பேச்சின் தாளத்தைப் பிடிக்காது.

டப் செய்த கார்ட்டூன்களில் இரண்டு ஸ்பானிஷ் இருக்கிறது, ஸ்பெயின் ஒன்று, லத்தீன் அமெரிக்கா ஒன்று. பெப்பா பன்றி இரண்டிலும் உண்டு. நெட்ஃபிளிக்ஸில் இரண்டும் இருந்தால் ஒலியைத் தெரிவு செய்கிற இடத்தில் தனித்தனியாகப் போட்டிருக்கும். மட்ரிட்டில் பழச்சாறு 'சூமோ', லத்தீன் அமெரிக்காவில் 'ஹூகோ'. மட்ரிட்டில் கார் 'கோச்சே', அங்கே பல நாடுகளில் 'கார்ரோ'. அந்த 'சூமோ'வின் முதல் சத்தமும் தமிழ் எழுத்தில் வராது, இங்கிலிஷில் 'திங்க்' என்கிறபோது நாக்கு பல்லுக்கு இடையில் வருமே, அது. மகனுடைய வகுப்பில் ஈக்வடோர், கொலம்பியா, வெனிசுவேலாப் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள், அதனால் மற்ற ஸ்பானிஷ் காதில் விழுந்தால் கெடுதல் இல்லை. முதல் ஆறு மாதம் மட்டும் ஸ்பெயின் ஒலியை விட்டு மாறாதீர்கள்.

தமிழ் எழுத்தில் ஸ்பானிஷ் எழுதிப் படிக்க வைக்கவே வேண்டாம். இங்கே நான் எழுதுவது உங்களுக்கு விளங்க, மகனுடைய கொப்பிக்கு அல்ல. எங்கட எழுத்தில் ப ஒன்றுதான். ஸ்பானிஷில் அதே இடத்தில் இரண்டு சத்தம், ஒன்றில் சொன்னால் எடை (peso), மற்றதில் சொன்னால் முத்தம் (beso). ரகரமும் அப்படித்தான்: ஒரு தட்டுத் தட்டினால் 'ஆனால்' (pero), உருட்டினால் 'நாய்' (perro). இங்கிலிஷ் வழியாகப் படித்தால் வேறு கேடு, தக்காளியை டகரத்தில் சொல்வான். ஸ்பானிஷில் அது எங்கட தகரம், நாக்கு பல்லில் முட்டவேண்டும். காதால் மட்டும் வாங்கினால் எங்கட பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் இங்கிலிஷைவிட லேசு. உயிர் ஐந்துதான், அ எ இ ஒ உ, ஐந்தும் எங்களிடம் உண்டு. ஞகரமும் உண்டு. இங்கிலிஷ்காரர் தடுமாறுகிற தகரமும் தட்டுகிற ரகரமும் எங்கட பிள்ளைக்குப் பிறப்பிலேயே வாயில் இருக்கிறது.

மகன் வாசிப்பான் என்பதால் அவனுக்கு சப்டைட்டில் உதவும். ஆனால் ஸ்பானிஷ் ஒலிக்கு ஸ்பானிஷ் எழுத்து மட்டும். இங்கிலிஷ் எழுத்துப் போட்டால் கண் வேலை செய்யும், காது தூங்கிவிடும். இங்கே ஒரு சிக்கல் வரும். டப் செய்த படத்தில் குரல் ஒன்று சொல்லும், எழுத்து வேறொன்று சொல்லும், ஏனென்றால் இரண்டையும் தனித்தனியாக மொழிபெயர்க்கிறார்கள். பிள்ளை குழம்பி 'எனக்கு விளங்கவில்லை' என்று எழும்பிவிடும். காது கேளாதவருக்கான எழுத்து என்று குறித்திருப்பதைத் தெரிவு செய்யுங்கள், அது பெரும்பாலும் குரலோடு ஒத்து வரும். இல்லையென்றால் முதலிலேயே ஸ்பானிஷில் எடுத்த நிகழ்ச்சியாகப் பாருங்கள்.

9 வயதுக்கு நான் கட்டாயம் சொல்வது வானொலியும் வானிலையும். ஸ்பெயின் தேசிய வானொலியை அவர்களுடைய ஆர்டிவிஇ செயலியில் நேரடியாகக் கேட்கலாம். இங்கே பகல் 2 மணிச் செய்தி வருகிறபோது உங்களுக்குக் குளிர்காலத்தில் மாலை 6.30, கோடையில் 5.30. முழுவதும் வேண்டாம், 10 நிமிடம். மகன் விளங்கத் தேவையில்லை, ஊர்ப் பெயரும் எண்ணும் எத்தனை பிடிபட்டது என்று ஒரு தாளில் கோடு போடட்டும். டிவிச் செய்திக்குப் பிறகு வருகிற வானிலை அதைவிட நல்லது: படம் இருக்கும், மழை, காற்று, வடக்கு, தெற்கு, நாளை என்று ஒரே முப்பது நாற்பது சொல் நாள்தோறும் வரும். உதைபந்தாட்ட வர்ணனையைப் பலர் சொல்வார்கள். தொடக்கத்தில் அது வெறும் இரைச்சல், அவ்வளவு வேகம். ஒரு வருடம் கழித்துக் கேட்கட்டும். அந்தச் செயலியில் வாங்கிப் போடுகிற கார்ட்டூன்கள் பல ஒளிபரப்பு உரிமை காரணமாக ஸ்பெயினுக்கு வெளியே ஓடாது. செய்தியும் வானொலியும் பெரும்பாலும் ஓடும்.

டேட்டாவைப் பற்றிப் பயம் வேண்டாம். 64 கேபிபிஎஸ் வானொலி ஒரு மணித்தியாலத்துக்கு 29 எம்பி தான். வீடியோதான் தின்னும், படத் தரத்தைக் குறைத்து 360-இல் வைத்தாலும் மணித்தியாலத்துக்குச் சுமார் 300 எம்பி. ஒரே கதையை மூன்று நாள் பார்ப்பதால் இரவு மலிவு டேட்டா இருக்கிற நேரம் பார்த்து ஒருமுறை இறக்கி வைத்தால் போதும். நேரம் எங்கே என்பீர்கள். மகன் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வகுப்புக்கு ஓடிக்கொண்டிருப்பான். அந்தப் பரீட்சை எழுதுவதற்கு முன்னமே நீங்கள் விமானம் ஏறப் போகிறீர்கள் என்றால் அந்த ரியூஷனை நிறுத்திவிட்டு அந்த நேரத்தை இதற்குக் கொடுங்கள். அயலவர் என்ன சொல்வார்கள் என்று பார்க்காதீர்கள்.

கணவர் செய்யவேண்டியதும் இருக்கிறது. வீடியோ அழைப்பில் 'ஸ்பானிஷில் ஏதாவது சொல்லு பார்ப்பம்' என்று அவரோ மாமாவோ மகளைக் கேட்டால் அவள் வாயை மூடிவிடுவாள். பிள்ளைகள் முதலில் மாதக் கணக்கில் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது வழக்கம், இங்கே பாடசாலைக்குப் போன பிறகும் அப்படி இருப்பார்கள். அதை ஊமைத்தனம் என்று எண்ணிப் பதறவேண்டாம். அவரோடு வேலை செய்கிற ஸ்பானிஷ் பேசுகிறவர் யாரும் இருந்தால், கிழமைக்கு இரண்டு தடவை 5 நிமிடம் அழைப்பில் வந்து வாத்து எங்கே, யானை எங்கே என்று விளையாடட்டும். அந்த 5 நிமிடம் கார்ட்டூனின் ஒரு மணித்தியாலத்துக்குச் சமம். கழிவறைக்குப் போகவேண்டும், தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, விளங்கவில்லை என்ற நாலு வசனத்தையும் அந்த ஸ்பானிஷ் பேசுகிறவர் குரலிலேயே பதிந்து வாட்ஸ்அப்பில் எடுத்துவையுங்கள். முதல் நாள் வகுப்பில் பிள்ளையை அழாமல் காப்பது அந்த நாலும்தான்.

நீங்களும் கணவரும் பிள்ளைகளோடு தமிழ்தான் கதைக்கவேண்டும். இதில் எனக்குக் கோபம் வரும். இங்கே வந்து ஆறு மாதத்தில் தமிழை நிறுத்திவிட்டு, குசினி வேலையில் பொறுக்கிய ஸ்பானிஷில் பிள்ளையை அதட்டுகிற பெற்றோர் இருக்கிறார்கள். குசினி ஸ்பானிஷ் முழுக்கக் கட்டளை: எடு, கழுவு, கெதியாக. அந்தப் பிள்ளைக்குப் பிழையான ஸ்பானிஷும் குறைத் தமிழும் கிடைக்கும், சரியான ஸ்பானிஷை எப்படியும் பாடசாலை கொடுக்கும். அம்மாவிடம் மனம் விட்டுக் கதைக்க ஒரு மொழி இல்லாமல் போவது பதினாலு வயதில்தான் தெரியும். கார்ட்டூன் ஸ்பானிஷில் ஓடட்டும், அதைப் பற்றிய கதை தமிழில் நடக்கட்டும். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தக்காரர் 'இங்கிலிஷ் காணும்' என்று சொல்வார்கள். அவர்களுக்கு அவர்கள் ஊர் தெரியும். மட்ரிட்டில் 2004 முதல் இருமொழிப் பாடசாலைகள் உண்டு, விஞ்ஞானம் போன்ற பாடம் இங்கிலிஷில் நடக்கும். ஆனால் விளையாட்டு மைதானமும் பிறந்தநாள் வீடும் முழுக்க ஸ்பானிஷ். பார்சிலோனா போகிறவர்களுக்கு இது பொருந்தாது, அங்கே வகுப்பறை மொழி அந்தப் பகுதியின் சொந்த மொழியான கட்டலான், அதற்கு எஸ்எக்ஸ்3 என்ற தனி நிகழ்ச்சி வரிசையே இருக்கிறது.

வந்த பிறகு வீட்டு டிவியில் கிளான் என்ற பிள்ளைகள் அலைவரிசை இலவசமாக வரும். அதில் சில கார்ட்டூன்களை ரிமோட்டின் ஒலிப் பொத்தான் இங்கிலிஷுக்கு மாற்றிவிடும், முந்தி இருந்த ஆட்கள் அப்படி விட்டுப்போயிருக்கலாம், பார்த்துத் திருப்பி வையுங்கள். சப்டைட்டில் எழுத்து வேண்டுமென்றால் டெலிடெக்ஸ்ட் என்கிற டிவி எழுத்துச் சேவையில் 888-ஆம் பக்கம். பெட்டியில் ஸ்பானிஷ் புத்தகம் ஒன்றும் வைக்காதீர்கள், பொது நூலக அட்டை இலவசம், பிள்ளைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. அந்த இடத்தில் தமிழ்ப் புத்தகம் கொண்டு வாருங்கள், அது இங்கே கிடைக்காது.