அச்சுக்கு ஏற்ற டி-ஷர்ட் எது? வாசகர் கேள்வி பதில்

பிளெயின் டி-ஷர்ட் வாங்கி, விருப்பமான படமோ எழுத்தோ அச்சிட நினைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: கல்லூரித் துறை விழாவுக்காகக் கருப்பு டி-ஷர்ட்டில் வெள்ளை லோகோ அச்சிட வேண்டும். மொத்தம் 60 உருப்படி. 160, 180, 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என மூன்று சாம்பிள் கையில் இருக்கின்றன. எதை எடுப்பது?

பதில்: எடையைப் பார்க்கும் முன், எந்த முறையில் அச்சிடப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். துணித் தேர்வு அதற்குப் பிறகுதான். பலர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் பணம் வீணாகிறது.

ஒரே லோகோ, ஒன்றிரண்டு நிறம், 60 உருப்படி என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் (வலைத் திரை வழியே மையைத் தள்ளி அச்சிடுவது) கட்டுப்படியாகும். சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் வகை மையான பிளாஸ்டிசால் போட்டால் பருத்தியிலும் கலப்புத் துணியிலும் நன்றாகப் பிடிக்கும். ஆளுக்கொரு பெயர், அல்லது போட்டோ போலப் பல நிறப் படம் என்றால் டிடிஜி அல்லது டிடிஎஃப். டிடிஜி எந்திரம் மையை நேராகத் துணிமேல் தெளிக்கும். அதற்குப் பருத்திதான் சரி. கருப்பில் அடிப்பதானால் முதலில் ஒரு கரைசலைத் தெளித்து, ஹீட் பிரஸ்ஸில் உலர்த்திய பிறகே வெள்ளை மை நிற்கும். டிடிஎஃப் என்பது படத்தை ஃபிலிமில் அச்சிட்டு, பசைப்பொடி தூவி, சூட்டில் அழுத்தி ஒட்டுவது. பருத்தி, பாலியெஸ்டர் என எதிலும் ஒட்டும். ஆனால் நெஞ்சை நிறைக்கும் பெரிய படமாக இருந்தால் அந்த இடத்தில் காற்றுப் புகாது. வெயிலில் போட்டவர் வியர்த்துப் போவார்.

உங்கள் தேவைக்கு 180 ஜிஎஸ்எம் பருத்தி எடுங்கள். கருப்பில் உடல் தெரியாது என்பதால் 160-உம் ஓடும். ஆனால் கனமான அச்சு மெல்லிய துணியை இழுத்துத் தொங்கவிடும். தளர்வாக, தோள் இறக்கி அணியும் மாடலுக்கு 220 அழகாக விழும். துவைத்தால் காய நேரமாகும். வெள்ளை டி-ஷர்ட்டாக இருந்தால் 180-க்குக் கீழே இறங்காதீர்கள். ஒற்றை அடுக்குத் துணிக்குப் பின்னால் கையை வைத்துப் பாருங்கள். விரல் தெரிந்தால் பின்பக்க அச்சும் முன்பக்கம் நிழலாகத் தெரியும்.

இன்னொன்று, ஜிஎஸ்எம்மை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், நூல் கவுண்ட்டையும் கேளுங்கள். கவுண்ட் எண் கூடக்கூட நூல் மெல்லியது: 20-ஐவிட 30 மெல்லியது. தடித்த நூலை இளக்கமாகப் பின்னியும் எடையைக் காட்டிவிடலாம். மெல்லிய நூலை நெருக்கமாகப் பின்னிய துணியில்தான் சின்ன எழுத்தும் ஊசிக்கோடும் உடையாமல் விழும்.

கேள்வி: கடைக்காரர் 180 ஜிஎஸ்எம் என்கிறார். கையில் பிடித்தால் அப்படித் தெரியவில்லை. வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

பதில்: முடியும், ஒரு டி-ஷர்ட்டை வெட்ட மனம் வந்தால். ஆலைகளில் 100 சதுர செ.மீ. வட்டமாக வெட்டும் கட்டர் வைத்திருப்பார்கள். நீங்கள் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அட்டை ஒன்றைத் துணிமேல் வைத்து, இழுக்காமல், கூர்மையான பிளேடால் வெட்டுங்கள். பரப்பளவு அதேதான். எத்தனை கிராம் வருகிறதோ, அதை 100-ஆல் பெருக்குங்கள். 1.8 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம். சமையலறைத் தராசு இதற்கு உதவாது. 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு வேண்டும். வெட்டியதும் விளிம்பு சுருண்டுகொள்ளும், அதனால் எடையில் மாற்றமில்லை. இரண்டு மூன்று இடங்களில் வெட்டிச் சராசரி எடுங்கள்; 5 சதவீதம் கூடக்குறைய வருவது சகஜம்.

சிலர் எடையை அவுன்ஸில் குறிப்பிடுவார்கள். அது ஒரு சதுர கஜத்துக்கான எடை. 34-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட ஜிஎஸ்எம் வரும்: 5.3 அவுன்ஸ் என்பது 180.

கேள்வி: எங்கள் அணிக்குச் சிவப்பு பாலியெஸ்டர் ஜெர்சி வாங்கி, வெள்ளையில் எண் அச்சிட்டோம். வாங்கும்போது பளிச்சென்று இருந்தது. நான்கைந்து நாளில் எண்கள் ரோஸ் நிறமாகிவிட்டன. மை போலியா?

பதில்: மைமேல் பழி போட அவசரப்படாதீர்கள். இது சாயம் ஏறிவிட்ட கோளாறு. பாலியெஸ்டருக்குப் போடும் டிஸ்பெர்ஸ் சாயம் சூடு பட்டால் ஆவியாகி நகரும் இயல்புள்ளது. சாதாரண பிளாஸ்டிசால் மை முழுதாக வேக சுமார் 160 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் சிவப்புச் சாயம் துணியிலிருந்து கிளம்பி, மேலே உள்ள வெள்ளை மைக்குள் புகுந்துகொள்கிறது. உடனே தெரியாமல் சில மணி நேரமோ சில நாளோ கழித்து வெளிப்படுவதுதான் இதில் தொல்லை. அச்சகத்தில் பார்த்துச் சரி என்று வாங்கிவந்தவர் வீட்டில்தான் அதிர்ச்சி அடைவார். சிவப்பு, மெரூன், அடர்நீலம், கருப்பு ஆகியவற்றில் இது அதிகம். பாதிப் பருத்தி, பாதிப் பாலியெஸ்டர் கலப்பிலும் வரும்.

அடுத்த முறை மூன்று விஷயங்களை அச்சகத்தாரிடம் சொல்லுங்கள். பாலியெஸ்டருக்கென்றே உள்ள, குறைந்த சூட்டில் (130 டிகிரியை ஒட்டி) வேகும் மை வேண்டும். வெள்ளைக்கு அடியில் சாயத்தைத் தடுக்கும் சாம்பல் அல்லது கருப்பு அடித்தளம் ஒரு பூச்சு போட வேண்டும். டிரையரிலிருந்து வந்ததும் சூடாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக் கூடாது. அடுக்கின் நடுவே சூடு தங்கி, சாயம் மேலும் நகர்ந்துகொண்டே இருக்கும். டிடிஎஃப்பில் ஒட்டினாலும் இதே கதைதான். அதற்கும் தடுப்புப் பொடி உண்டு. பிரஸ் சூட்டையும் நேரத்தையும் குறைக்க வேண்டும். எந்த முறையானாலும் ஒரே ஒரு ஜெர்சியில் அடித்து, ஒரு வாரம் அலமாரியில் வைத்துப் பார்த்த பிறகு மற்றவற்றுக்குக் கை வையுங்கள்.

கேள்வி: சப்ளிமேஷன் பிரிண்டரில் பருத்தி டி-ஷர்ட்டில் அடிக்கலாமா?

பதில்: கூடாது. சப்ளிமேஷன் சாயம் 190 முதல் 200 டிகிரி சூட்டில் வாயுவாகிப் பாலியெஸ்டர் இழைக்குள் புகும். பருத்திக்குள் அதற்கு இடமில்லை. மேலோட்டமாக ஒட்டியது முதல் சலவையில் போய்விடும். கலப்புத் துணியில் பாலியெஸ்டர் எவ்வளவோ அவ்வளவு நிறம்தான் நிற்கும். வெள்ளை மை இந்த முறையில் கிடையாது என்பதால் வெள்ளையோ மிக வெளிர்நிறமோதான் எடுக்க வேண்டும். விளையாட்டு ஜெர்சிகளுக்கு இதைவிட நல்ல முறை இல்லை. படம் துணியோடு ஒன்றிப் போகும், கையில் தட்டுப்படாது.

கேள்வி: நான்கு சலவையில் அச்சு வெளுத்து, சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. மை உதிரவில்லை. என்ன காரணம்?

பதில்: ஒரு லென்ஸ் வைத்து அச்சைப் பாருங்கள். மைக்கு மேலே பஞ்சு மயிர்கள் எழுந்து நிற்பது தெரியும். நிறம் அடியில் அப்படியேதான் இருக்கிறது. மேலே எழுந்த மயிர் அதை மறைக்கிறது. இது துணியின் குறை. குட்டை இழைகளை நீக்காமல் நூற்ற கார்டட் நூலில் இது அதிகம். காம்ப்டு நூலில் அந்தக் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிடுவதால் பரப்பு வழவழப்பாக இருக்கும். அதோடு பயோவாஷ் செய்திருந்தால் இன்னும் நல்லது. செல்லுலேஸ் என்ற நொதி துணிமேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரைத் தின்றுவிடும். ‘காம்ப்டு, பயோவாஷ்’ என்று கேட்டு வாங்குங்கள். சில ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

வாங்கும்போது துணியைக் கண்ணுக்கு நேரே கிடைமட்டமாகப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். விளிம்பில் பூனைமயிர் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

அதே சமயம், அளவுக்கு மீறி வழுவழுவென்று வழுக்கும் துணியையும் கொஞ்சம் சந்தேகியுங்கள். சிலிகான் சாஃப்ட்னர் தாராளமாகப் போட்டிருக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் சரி. முத்தாக நின்றால் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட மையும் டிடிஜி முன்கரைசலும் அங்கங்கே பிடித்து, அங்கங்கே விட்டுப்போகும்.

கேள்வி: சுருங்குமா, முறுக்கிக்கொள்ளுமா என்பதை மொத்தமாக வாங்கும் முன் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒரு சாம்பிளை எடுத்து, நெஞ்சுப் பகுதியில் அழியாத பேனாவால் 25 செ.மீ. சதுரம் வரையுங்கள். அணிபவர்கள் வீட்டில் எப்படித் துவைப்பார்களோ அப்படியே மூன்று முறை துவைத்துக் காயவைத்து, தட்டையாக விரித்து அளந்து பாருங்கள். நீளவாக்கில் 24 செ.மீ. வந்தால் 4 சதவீதம் சுருங்கியிருக்கிறது. 5 சதவீதத்துக்கு மேல் போனால் அந்தத் துணி வேண்டாம். காரணம் அளவு குறைவது மட்டுமல்ல: பிளாஸ்டிசால் அச்சு சுருங்காது. சுற்றியுள்ள துணி சுருங்கும்போது அச்சின் விளிம்பில் கொசுவம் விழும். இஸ்திரி போட்டாலும் அது போகாது. காம்பாக்டிங் செய்த (தைக்கும் முன்பே எந்திரத்தில் நெருக்கிச் சுருக்கிய) துணியில் இந்தத் தொல்லை குறைவு.

முறுக்கத்துக்கு, துவைத்த டி-ஷர்ட்டைத் தோள் சமமாக இருக்கும்படி மேசையில் விரித்துப் பக்கத் தையலைப் பாருங்கள். அடிவிளிம்புக்கு வரும்போது அந்தத் தையல் முன்பக்கமாக எவ்வளவு நகர்ந்திருக்கிறது? 70 செ.மீ. நீளத்தில் 3.5 செ.மீ. வரை பொறுக்கலாம். அதற்கு மேல் என்றால் நெஞ்சில் நேராக அடித்த படம் இடுப்புப் பக்கம் சாய்ந்து நிற்கும். சிங்கிள் ஜெர்சி என்ற வழக்கமான டி-ஷர்ட் பின்னல் துணியில் நூலின் முறுக்கே இதற்குக் காரணம். குழாய்போல் பின்னிய, பக்கத் தையல் இல்லாத டி-ஷர்ட்டில் முறுக்கம் கண்ணில் படாது, ஆனால் இருக்கும்; அதில் துணியின் செங்குத்து வரிகளைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: டிஸ்சார்ஜ் அச்சு மென்மையாக இருக்கிறது. எல்லா நிறத்திலும் வருமா?

பதில்: வராது. டிஸ்சார்ஜ் மை துணியின் சாயத்தை அழித்து, அந்த இடத்தில் தன் நிறத்தை வைக்கிறது. ரியாக்டிவ் சாயம் (பருத்தி இழையோடு வேதிமுறையில் பிணையும் சாயம்) போட்ட நூறு சதவீதப் பருத்தியில்தான் இது சரியாக வேலை செய்யும். அதிலும் டர்க்காய்ஸ், ராயல் ப்ளூ, சில பச்சைகள் அசைந்து கொடுக்காது. சாயம் போன பருத்தி லேசான பழுப்பு வெள்ளையாக இருக்கும் என்பதால் தூய வெள்ளையை எதிர்பார்க்க வேண்டாம். அச்சிட்ட பின் ஒரு முறை துவைத்துவிட்டு அணியுங்கள். ரசாயன வாடை அப்போதுதான் போகும். லேபிளில் நூறு சதவீதம் பருத்தி என்று இருந்தும் சந்தேகமாக இருந்தால், உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாடையோடு மிருதுவான சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

கேள்வி: எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை கலந்து வாங்குகிறோம். அச்சின் அளவு எவ்வளவு வைப்பது?

பதில்: ஒரே ஸ்கிரீனில் எல்லாவற்றையும் அடிப்பதால் இருப்பதில் சிறிய சைஸ்தான் அகலத்தைத் தீர்மானிக்கும். பெரியவர்களுக்கான டி-ஷர்ட்டில் 10 முதல் 12 அங்குலம் வழக்கம். படத்தின் மேல்விளிம்பு கழுத்துப் பட்டைக்கு 3 அங்குலம் கீழே வரட்டும். இடது நெஞ்சில் சின்ன லோகோ என்றால் மூன்றரை முதல் 4 அங்குலம். சைஸ் எழுத்தை நம்பாதீர்கள். ஒரு பிராண்டின் எல், இன்னொன்றின் எம்மாக இருக்கும். அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே குறுக்கே அளந்து இரட்டித்தால் மார்புச் சுற்று கிடைக்கும். அந்த அளவைச் சொல்லி எண்ணிக்கை எடுங்கள்.

கேள்வி: பிறகு தேவைப்பட்டால் அதே டி-ஷர்ட் கிடைக்குமா?

பதில்: அதே மாடல் கிடைக்கலாம், அதே சாய லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதி) கிடைக்காது. அடுத்த லாட்டில் கருப்புகூடக் கொஞ்சம் நீலமாகவோ பழுப்பாகவோ தெரியும். அதனால் மொத்தத்தையும் ஒரே லாட்டில் கேளுங்கள். சட்டத்தில் சரியாக உட்காராமல் அச்சகத்தில் ஒன்றிரண்டு கெடுவது இயல்பு. 60 தேவையென்றால் 63 வாங்குங்கள். கூடுதலை எல்லாம் எல், எக்ஸ்எல் சைஸிலேயே எடுங்கள். கடைசி நேரத்தில் பெயர் கொடுப்பவர் சிறிய அளவுக்காரராக இருந்தாலும் பெரியதைப் போட்டுச் சமாளித்துவிடலாம்.