ராட்சத முயலும் சீட்டுப் பணமும்

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். நாங்கள் திருநெல்வேலி பேட்டையில் சொந்த வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், நான் தையல் வேலை பார்க்கிறேன். இரண்டு பேர் வருமானமும் சேர்த்து மாதம் 32,000 வரும். மகன் ஒன்பதாவது படிக்கிறான். அவன் போனில் நாய் அளவு முயல் ஒன்றைப் பார்த்துவிட்டு, "பிளெமிஷ் ஜெயன்ட்" வேண்டும் என்று ஒரே அடம். விசாரிக்கப்போன இடத்தில் ஒரு ஏஜென்ட், "சும்மா ஏன் வளர்க்கிறீங்க, பண்ணையா வைங்க" என்கிறார். மூன்று பெட்டை, ஒரு ஆண், கூண்டு எல்லாம் சேர்த்து 52,000. மூன்று மாதக் குட்டிகளைக் கிலோ 250 ரூபாய்க்கு அவர்களே ஐந்து வருடம் எடுத்துக்கொள்வார்களாம். மாதம் 15,000 வரும் என்று எழுதியே காட்டினார். ஆவணியில் சீட்டுப் பணம் 60,000 வருகிறது. மகன் காலேஜுக்கு என்று போட்ட சீட்டு. அதை எடுத்துப் போடலாமா? பிள்ளை ஆசையும் தீரும், வருமானமும் வரும் என்று தோன்றுகிறது.

பதில்: சீட்டுப் பணத்தைத் தொடாதீர்கள். பையனுக்கு முயல் வாங்கித் தரலாம். இரண்டையும் ஏஜென்ட் ஒன்றாகக் கட்டி விற்கிறார், அதைப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். செல்லமாக வளர்க்கிற முயல் ஒரு செலவு. பண்ணை முயல் ஒரு தொழில். செலவு செய்து ஆசைப்படுவதில் தப்பே இல்லை, அந்தச் செலவுக்கு வருமானம் என்று பெயர் வைத்தால்தான் வம்பு.

பண்ணைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அவர் எழுதிக் காட்டியது இப்படி இருந்திருக்கும்: ஒரு பெட்டை மாதம் எட்டுக் குட்டி, மூன்று பெட்டைக்கு 24. ஒரு குட்டி இரண்டரைக் கிலோ என்றால் 625 ரூபாய். மொத்தம் 15,000. பெருக்கலில் பிழை இல்லை. முயலைப் பற்றித்தான் பிழை. சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள் என்பது உண்மை. ஆனால் குட்டி போட்ட மறுநாளே மறுபடி இணை சேர்த்து, மாதா மாதம் குட்டி வாங்கினால் தாய் உருக்குலைந்து போகும். குட்டிகள் நாலிலிருந்து ஆறு வாரம் பால் குடிக்க வேண்டும். அதன்பிறகு இணை சேர்த்தால் வருடத்துக்கு ஐந்து ஈற்று கிடைக்கும், அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். நம்மூர் சித்திரை, வைகாசி வெயிலில் ஆண் முயலுக்கு விந்துத் தரம் இறங்கிவிடும், இணை சேர்த்தாலும் சினை நிற்காது.

சரி, தாராளமாகவே போடுவோம். மூன்று பெட்டை, ஐந்து ஈற்று, ஈற்றுக்கு ஐந்து குட்டி பிழைத்து மூன்று மாதம் தாண்டுகிறது. வருடத்துக்கு 75 குட்டி, 46,875 ரூபாய். ஏஜென்ட் சொன்னது வருடத்துக்கு 1,80,000. இதில் தீவனத்தைக் கழிக்க வேண்டும். பசுந்தீவனத்தை ஓரளவு நீங்களே அறுத்துப் போடுவதாக வைத்தாலும் தாய் தகப்பன் நாலுக்கும் தலைக்கு மாதம் 700, வருடத்துக்கு 33,600. குட்டிக்கு 200 வீதம் 15,000. மருந்து, கரண்டுக்கு ஒரு 6,000. மொத்தம் 54,600. வருகிறதைவிடப் போவது எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக அதிகம். உங்கள் உழைப்புக்குக் கூலி இதில் இல்லை. போட்ட 52,000இல் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை.

இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். ராட்சத இனம் வயதுக்கு வரவே எட்டு, ஒன்பது மாதம் ஆகும். மூன்று மாதக் குட்டிகளாகக் கொடுத்தால் இணை சேர்க்கவே ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அப்புறம் சினைக்கு ஒரு மாதம், குட்டி வளர மூன்று மாதம். ஆக முதல் ரூபாயைக் கண்ணால் பார்க்கப் பத்து மாதம். அந்தப் பத்து மாதத் தீவனச் செலவு உங்கள் தையல் காசிலிருந்துதான் போகும்.

கறிக்கு வளர்ப்பவர்கள் நியூசிலாந்து ஒயிட் மாதிரி நடுத்தர இனங்களைத் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. அவை சீக்கிரம் எடை போடும். ராட்சத இனம் முதலில் எலும்பை வளர்க்கும், சதை மெதுவாகத்தான் பிடிக்கும், அதுவரை தின்றுகொண்டே இருக்கும். 2007 வாக்கில் வட கொரியா, உணவுப் பஞ்சத்துக்கு உதவும் என்று ஜெர்மனியில் ஒரு வளர்ப்பாளரிடம் 12 ராட்சத முயல்களை வாங்கிப் போனது. பண்ணை அமைக்க உதவ அவர் அங்கே போவதாக இருந்தது, பயணம் ரத்தாகிவிட்டது. முயல்கள் ஏதோ விருந்தில் முடிந்துவிட்டன என்று அவர் சந்தேகப்பட்டார். அது உண்மையோ பொய்யோ, ஆளுக்கே அரிசி தட்டுப்பாடான இடத்தில் பத்துக் கிலோ முயலுக்கு யார் தீனி போடுவது என்பதுதான் என் கேள்வி.

"நாங்களே எடுத்துக்கொள்வோம்" என்கிற ஒப்பந்தம் நமக்குப் புதிதில்லை. 2012இல் பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தபோது நம் மாநிலத்தில் எத்தனை குடும்பம் தெருவில் நின்றது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். ஏஜென்டிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "எங்ககிட்ட வாங்கின முயலை நீங்க யாருக்கு விக்கிறீங்க?" செங்கோட்டைப் பக்கம் பரோட்டாக் கடையில் நாட்டுக்கோழியும் காடையும் கேட்டு வாங்குவோம். முயல் கறி கேட்டு எத்தனை பேர் உட்கார்கிறோம்? அவர் பதில் "அடுத்து பண்ணை வைக்கிறவங்களுக்கு" என்று வந்தால், எழுந்து வந்துவிடுங்கள். ஆள் சேருவது நின்ற அன்றைக்கு உங்கள் குட்டிகளை வாங்க யாரும் இருக்க மாட்டார்கள். ஒப்பந்தத் தாளில் "நோயின்றி, குறைந்தது இரண்டரைக் கிலோ எடையுடன்" என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். வேண்டாத நாளில் உங்கள் குட்டியைத் திருப்பி அனுப்ப அந்த ஒரு வரி போதும். நிச்சய வருமானம் என்று சொல்லி ஊரில் யாராவது பணம் வசூலித்து ஏமாற்றியிருந்தால் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். 1997இலிருந்தே இதற்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் போன பணம் திரும்பி வர வருடக்கணக்காகும், காலேஜ் ஃபீஸ் அதுவரை காத்திருக்காது.

இனி பையனின் முயல்.

பிளெமிஷ் ஜெயன்ட் பெல்ஜியத்தின் கென்ட் நகரப் பக்கத்து இனம். அமெரிக்கக் கண்காட்சிகளில் வளர்ந்த பெட்டை குறைந்தது 6.35 கிலோ இருந்தால்தான் அந்தப் பெயரில் சேர்ப்பார்கள். அதற்கு மேல் எட்டு, ஒன்பது கிலோ போகிறவையும் உண்டு. போனில் பையன் பார்த்தது ஒருவேளை இங்கிலாந்தின் டேரியஸாக இருக்கலாம். கான்டினென்டல் ஜெயன்ட் வகை, 2010இல் 129 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கின்னஸ் சாதனை வைத்தது. நம் அடிக்கணக்கில் நாலேகால் அடி. 2021 ஏப்ரலில் அதை வீட்டுத் தோட்டத்திலிருந்து திருடியே போய்விட்டார்கள்.

நம் பக்கம் "ஜெயன்ட்" என்று விற்பதில் பெரும்பாலானவை ஒயிட் ஜெயன்ட், கிரே ஜெயன்ட், சோவியத் சின்சில்லா அல்லது இவற்றின் கலப்பு. நாலு, ஐந்து கிலோ வரும். நல்ல முயல்கள்தான், ஆனால் பிளெமிஷ் விலை கொடுக்கத் தேவையில்லை. ஒரு மாதக் குட்டியைப் பார்த்து யாராலும் இனம் சொல்ல முடியாது. தாயையும் தகப்பனையும் தராசில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் விலை பேசவே வேண்டாம். ஊரில் யாராவது விளையில் பிடித்த காட்டு முயல் குட்டியைச் சும்மா தருகிறேன் என்றாலும் வாங்கிவிடாதீர்கள். அது வேறு உயிர், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரும்.

மாதச் செலவுக்கு ஒரு முயலை வைத்து நான் போடும் கணக்கு: தினம் 150 கிராம் அடர்தீவனம், மாதம் 200 ரூபாய்க்குள் முடியும். கீரை, புல், கேரட் தழை என்று நாளுக்கு 15 ரூபாய், அது 450. காய்ந்த புல்லுக்கு 250. படுக்கை, சுத்தம் செய்யும் சாமான் 150. மருத்துவத்துக்கென்று தனியே 250. ஆக 1,300. வருடத்துக்கு 15,600. ராட்சத இனம் சின்ன முயலைவிடக் குறைந்த ஆயுசு, ஐந்திலிருந்து எட்டு வருடம். ஆறு வருடம் என்று வைத்தால் 93,600. குட்டி விலை நாலாயிரமா ஐந்தாயிரமா என்று பேரம் பேசுவதில் பெரிய லாபம் இல்லை என்பது இப்போது புரியும். இதே 1,300ஐ மாதா மாதம் தபால் ஆபீஸ் ஆர்.டி.யில், இதை எழுதும்போது உள்ள 6.7 சதவீத வட்டியில் போட்டால் ஐந்து வருடத்தில் 92 ஆயிரத்துச் சொச்சம். பயமுறுத்தச் சொல்லவில்லை, எதை விட்டு எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுப் பக்கத்தில் கொஞ்சம் மண் இருந்தால் வேலி மசால் என்கிற தீவனப் பயிரை விதைத்துவிடுங்கள், ஓரமாக ஒரு கல்யாண முருங்கைக் கம்பு ஊன்றுங்கள். கீரைச் செலவு பாதியாகக் குறையும். வீட்டில் மிஞ்சும் சோறும் பிஸ்கட்டும் போடக்கூடாது. நார் குறைந்தால் முயலுக்குக் குடல் நின்றுவிடும். காலையில் தீனியைத் தொடாமல், சாணிப் புழுக்கையும் போடாமல் மூலையில் கூனி உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் வரை பார்ப்போம் என்று விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவர். பேட்டையிலிருந்து ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி தூரமில்லை, அது உங்களுக்கு ஒரு வசதி. அந்த மாதம் 250ஐத் தனியே வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

ஏஜென்ட் தருகிற கூண்டு எத்தனை அடி என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டடிக்கு இரண்டடிக் கம்பிக் கூண்டாகத்தான் இருக்கும், ஊரெல்லாம் அதுதான். இரண்டரை அடி நீளமுள்ள உயிர் அதில் காலை நீட்டவே முடியாது. எடை கூடிய முயல் கம்பித் தளத்தில் நின்றால் பின்னங்காலின் அடியில் முடி உதிரும், தோல் சிவக்கும், அப்புறம் புண்ணாகி அது உட்காரவும் முடியாமல் முன்னங்காலில் எடையை ஏற்றித் தவிக்கும். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும், மருந்துச் செலவு கூண்டு விலையைத் தாண்டும். கூண்டே வாங்காதீர்கள். வீட்டுக்குள் ஆறடிக்கு நாலடி மூலையைத் தடுத்து, தரையில் ரப்பர் பாயும் கோணிச் சாக்கும் விரித்தால் போதும். வயர்களை மட்டும் உயரத்தில் ஏற்றுங்கள், கடித்துவிடும்.

பெரிய செலவு வெயில்தான். முயலுக்கு வியர்க்காது, சூட்டைக் காது வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம், 35க்கு மேல் உயிருக்கே ஆபத்து. நம்மூர் சித்திரையில் 38, 39 சர்வசாதாரணம், உடம்பு பெருத்த முயலுக்கு இன்னும் கஷ்டம். ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைக்குக் கீழே வைப்பது கொலைக்குச் சமம். ஈரச் சாக்கு, மண் தொட்டியில் தண்ணீர், ஐஸ் கட்டிய தண்ணீர் பாட்டில் ஒன்று பக்கத்தில், நாள் முழுக்க ஃபேன். ஏசி ஓட வேண்டிய நிலை வந்தால் கரண்ட் பில்லைப் பாருங்கள்: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுக்கும் கட்டணம் கூடிவிடும். முயலுக்கென்று போட்ட ஏசி உங்கள் மொத்த பில்லையும் ஏற்றும். உங்கள் வீடு மொட்டை மாடிக்குக் கீழே ஒற்றைத் தளமாக இருந்து, மதியம் கீழ்த்தரையே சுடுகிறது என்றால், ராட்சத முயல் வேண்டாம் என்பதே என் பதில். இரண்டு கிலோவுக்குள் இருக்கும் சின்ன முயல் வாங்கிக் கொடுங்கள். அதற்கும் வெயில் ஆகாது, ஆனால் குளிர்ந்த மூலை ஒன்றைத் தேடிக் கொடுப்பது எளிது, தீனியும் பாதிக்குப் பாதி.

எப்படித் தொடங்குவது? உடனே வாங்காதீர்கள். தபால் ஆபீஸில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி மாதம் 1,300 போட்டு வாருங்கள். 500 ரூபாய் இருந்தால் கணக்கு தொடங்கிவிடலாம். ஆர்.டி. இதற்கு ஆகாது, மூன்று வருடத்துக்கு முன் மூட முடியாது. ஆறு மாதம் இடையில் கை வைக்காமல் போட முடிந்தால் 7,800 இருக்கும், முயலை வைத்துக் காப்பாற்ற உங்களால் முடியும் என்றும் தெரிந்துவிடும். இடையில் டயர் மாற்ற, கல்யாண மொய் வைக்க என்று எடுக்க நேர்ந்தால் அதுவும் ஒரு பதில்தான், பையனிடமே பாஸ்புத்தகத்தைக் காட்டலாம். அடுத்த வருடம் சித்திரை, வைகாசி வெயில் தாண்டியபின் வாங்கினால் குட்டி பழகுவதற்கு அடுத்த கோடை வரை நாள் கிடைக்கும். ஒன்றே ஒன்று வாங்குங்கள், அல்லது இரண்டும் பெட்டையாக. ஜோடி வாங்கினால் ஏஜென்ட் இல்லாமலே பண்ணை வந்துவிடும்.

சீட்டுப் பணம் 60,000க்கு வழி: மகன் காலேஜ் சேர இன்னும் நாலு வருடம்கூட இல்லை. தபால் ஆபீஸில் மூன்று வருட டைம் டெபாசிட் இப்போது 7.1 சதவீதம். வட்டி வருடத்துக்கு ஒருமுறை உங்கள் சேமிப்புக் கணக்குக்கே வரும், 4,300 ரூபாய்க்கு மேல். அதைத் தீவனத்துக்கு எடுத்தால்கூட நான் எதுவும் சொல்ல மாட்டேன், அசலைத் தொடாதவரை. சீட்டு கைக்கு வந்த அன்றைக்கே வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிடுங்கள். ரொக்கம் பீரோவில் இருப்பது தெரிந்தால் ஏஜென்ட் அடுத்த வாரமே மறுபடி வந்து நிற்பார்.