மாணவர்களைக் கொண்டு பாட்காஸ்ட் தயாரிக்கும்போது எதில் கவனம் செலுத்த வேண்டும்?
வகுப்பில் பாட்காஸ்ட் பணியைத் தொடங்கும் ஆசிரியர் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒலிவாங்கிக்கு அல்ல, எழுத்துப்படிக்கு, அதாவது பேசுவதற்காக எழுதிக்கொள்ளும் உரைக்கு என்பேன். கருவியைப் பொறுத்தவரை பதிவு செய்ய ஒரு கைபேசியும், கணினியில் ஒலியைத் தொகுக்க ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளும் போதும்.

மாணவர்கள் பெரும்பாலும் ஒரு கட்டுரையை எழுதி அப்படியே வாசிப்பார்கள். “மேற்கண்ட காரணங்களால்” என்று ஒலிக்கும்போது, கேட்பவருக்கு மேலே காண எதுவும் இருக்காது. அங்கே பதிவை நிறுத்தி, அதே கருத்தைப் பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் சொல்வதுபோல் சொல்லச் செய்தால், எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டை, எத்தனை முறை விளக்கினாலும் மனத்தில் பதியாத அந்த வேறுபாட்டை, அவர்களே கண்டுகொள்வார்கள்.

முதல் பதிவுக்கு 3 நிமிடங்கள் போதும். தம் குரலைக் கேட்கக் கூசும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. பேசும்போது நம் குரல் மண்டை எலும்பின் வழியாகவும் நமக்குக் கேட்கிறது. பதிவில் அந்த அதிர்வு இல்லாததால்தான் அது மெலிந்து, வேற்றாள் குரல்போல் ஒலிக்கிறது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் நீங்கிவிடும்.

மதிப்பெண்ணில் பெரும்பங்கை எழுத்துப்படிக்கும் தகவல் சரிபார்ப்புக்கும் ஒதுக்குங்கள். பின்னணி இசைக்கு வேண்டாம். பொதுவெளியில் வெளியிடுவதாயின், பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பதிவுக்கு முன்பே பெற்றுவிடுங்கள்.